பெருக்கல், வகுத்தல், மொய்: சிங்கப்பூர் உறவினர் வீட்டு வருகை பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் உள்ள அக்கா வீட்டுக்குப் போகும் ஒருவர் என்ன தின்கிறார், என்ன வாங்குகிறார், பொழுது சாய்ந்தபின் எங்கே திரிகிறார் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மூன்றையும் தீர்மானிப்பது அந்த நகரம்தான் என்று சுற்றுலாத் துறையினர் நம்பிவந்துள்ளனர். அது பிழை. தீர்மானிப்பது மொய்க் கணக்கு. இதை இக்கட்டுரை சான்றுகளுடன் நிறுவும். சான்று கிடைக்காத இடங்களில் அடித்துச் சொல்லும்.

1. முன்னோடி ஆய்வுகள்

இத்துறையில் முன்னோர் எவரும் இல்லை என்று சொல்வதற்கில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூர் போய்வந்தவர். அவர்களின் கண்டுபிடிப்புகள் வாய்மொழியாகவும் புகைப்படங்களாகவும் நமக்குக் கிடைக்கின்றன. புகைப்படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மெர்லயன் சிலை முன் எடுத்தவை. சிங்கத்தின் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரைத் தம் வாயில் பிடிப்பதுபோல் ஆய்வாளர் அண்ணாந்து நிற்பார். 1972இல் நிறுவப்பட்ட அந்தச் சிங்கம் அன்றிலிருந்து தமிழர் வாயில் ஊற்றிக்கொண்டேயிருக்கிறது; யாருக்கும் தாகம் தீர்ந்ததாகத் தரவு இல்லை.

வாய்மொழி ஆய்வுகளின் முடிவுரை எல்லோருக்கும் ஒன்றுதான்: "ரோட்டுல ஒரு குப்பை கிடையாது. சோத்தைப் போட்டுத் திங்கலாம்." சோற்றை ரோட்டில் போட்டுத் தின்னும் அவசியம் எப்போது வந்தது, வந்தபோது தட்டு எங்கே போயிற்று என்பவற்றை எந்த ஆய்வாளரும் விளக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வு முறை, பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது மற்றவர்கள் தின்னும்போது கூடவே தின்பது. தகவல் தந்தோர் அக்கா, அத்தான், பள்ளியில் படிக்கும் அவர்கள் மகன் ஆகியோர். மகன் தகவல் தந்தது காதிலிருந்து ஒயரைக் கழற்றியபோது மட்டும்.

2. கணித அடிப்படை

அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள். இக்கட்டுரையும் அவ்வாறே வழங்கும். ஒரு வெள்ளி நம் பணத்தில் சுமார் 70 ரூபாய். இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன.

பெருக்கல் விதி: ஊரிலிருந்து வந்தவர் கண்ணில் படும் விலைகளை எல்லாம் 70ஆல் பெருக்குவார். ஒன்றரை வெள்ளி டீ 105 ரூபாய் ஆகும். "நூத்தஞ்சு ரூவா டீயா!" என்று அவர் திகைத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

வகுத்தல் விதி: அங்கிருந்து ஊருக்கு வந்தவர் எல்லாவற்றையும் 70ஆல் வகுப்பார். 1,400 ரூபாய்ப் பட்டுப்பாவாடை அவருக்கு 20 வெள்ளி. "அவ்ளோதானா?" என்று வாய்விட்டுக் கேட்டும் விடுவார். அந்த "அவ்ளோதானா" காதில் விழுந்த கணத்திலிருந்து ஜவுளிக்கடைக்காரர் அடுத்த துணிகளைக் கீழ்த்தட்டிலிருந்து எடுக்க மாட்டார்.

துணைவிதி ஒன்றும் உண்டு. பிறர் காசு கொடுக்கும்போது பெருக்கல் நின்றுவிடும். அதே டீயை அத்தான் வாங்கிக் கொடுத்தால் அது வெறும் டீ, சூடாகவும் இருக்கும்.

இவ்விரு விதிகளால் ஒரு சிக்கல் எழுகிறது. பெருக்குபவரும் வகுப்பவரும் ஒரே வீட்டில் தங்கும்போது அவர்களுக்கிடையே பணம் ஒரே பொருளில் வழங்குவதில்லை. அத்தான் சாதாரணமாகச் செலவழிக்கும் 50 வெள்ளி, விருந்தாளியின் மனக்கணக்கில் 3,500 ரூபாய்க் கடன். இக்கடனை எந்த நாணயத்தில் தீர்ப்பது என்பதே ஆய்வுச் சிக்கல். நம் கருதுகோள்: கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு நோட்டில் எழுதுகிறோமே, அந்த மொய்யால் தீர்க்கப்படுகிறது. வெளிநாட்டு உறவினர் வீட்டுக்குப் போவது, உறவுக்குள் கொடுத்து வாங்கும் செய்முறையின் ஒரு கிளை. இனி மூன்று களங்களில் இதைச் சோதிப்போம்.

3. களம் ஒன்று: தெரு இல்லாத தெருவுணவு

விருந்தாளி முதலில் கேட்பது, "ரோட்டுக் கடையில சாப்பிடணும் அத்தான்." இங்கேயே ஆய்வு முட்டிக்கொள்கிறது. சிங்கப்பூரில் ரோட்டுக் கடை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தள்ளுவண்டியும் காவடியும் அடுப்புமாகத் தெரு நிறைய வியாபாரிகள் இருந்தார்கள். 1968, 1969 ஆண்டுகளில் அவர்களைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்தார்கள். சுமார் 18,000 பேர். பிறகு 1971 முதல் 1986 வரை குழாய்த் தண்ணீர், சாக்கடை, கூரை உள்ள கட்டடங்களைக் கட்டி அத்தனை பேரையும் உள்ளே குடியேற்றினார்கள். அவற்றுக்குத் தமிழில் உணவங்காடி நிலையம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, தெருவுணவு இருக்கிறது, தெருவைத்தான் எடுத்துவிட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. லாவ் பா சாட் என்னும் பழைய எண்கோணச் சந்தைக் கட்டடத்தின் பக்கத்தில் பூன் டாட் சாலை. மாலையானதும் அந்தச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போட்டு, விசிறி விசிறிக் கரியடுப்பில் சாத்தே என்னும் இறைச்சிக் குச்சிகளைச் சுடுகிறார்கள். நம் ஊரில் உணவு தெருவை ஆக்கிரமிக்கும். அங்கே நேரம் குறித்துத் தெருவை உணவுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

உணவங்காடி நிலையத்தில் முதற்பணி இடம் பிடிப்பது. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டுவிட்டால் அது உங்கள் மேசை. ஆள் இருக்க வேண்டியதில்லை. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் மரபோடு இது ஒப்பிடத்தக்கது. வேறுபாடு, துண்டு போட்டவருக்கும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கும் இடையே கும்பகோணம் வரை நீளும் விவாதம் டிஷ்யூவுக்கு எழுவதில்லை. தின்று முடித்தபின் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டம். மீறுபவருக்கு முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். வீட்டில் ஒருநாளும் தட்டைக் கழுவ எடுத்துப் போகாத பெரியவர்கள் அங்கே இரண்டு கையாலும் தட்டேந்திப் பவ்வியமாக நடப்பதை அவர்கள் மனைவிமார் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். பெருக்கல் விதி இங்கே ஒழுக்கக் கல்வியாகவும் செயல்படுகிறது. ரயிலில் தின்றால் 500 வெள்ளி வரை அபராதம் என்ற பலகையைக் கண்டதும் விருந்தாளி பெருக்குகிறார்: 35,000 ரூபாய். சட்டைப் பையிலிருந்த வேர்க்கடலை ஊர் திரும்பும்வரை அங்கேயே இருக்கும்.

இனி உண்பொருள். தேக்கா என்னும் இந்தியர் வட்டாரத்து உணவங்காடி நிலையத்தில் அத்தானுடன் நிகழ்ந்த உரையாடல் முதன்மைத் தரவாக இங்கே தரப்படுகிறது.

"மாப்ள, என்ன சாப்புடுற?"

"ஒண்ணும் வேணாம் அத்தான். அக்கா இப்பதான் இட்லி போட்டுச்சு."

"எத்தனை?"

"எண்ண விடலை."

இதை நிறைவயிற்றுக் கோட்பாடு என்போம். வெளியே சாப்பிட அழைத்துப் போவதற்கு முன் அக்காமார் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிவிடுவார்கள். "கடையில என்ன எண்ணெயோ" என்பது சொல்லப்படும் காரணம். உண்மைக் காரணம், மொய் நோட்டில் முதல் வரி அக்காவின் பெயரில் இருக்க வேண்டும்.

அத்தான் கடைக்காரரிடம் "தே-சி கோசோங்" என்றார். தே என்றால் டீ, சி என்றால் டின் பால், கோசோங் என்றால் சர்க்கரை கிடையாது. இப்படியே ஓ சேர்த்தால் பால் இராது. பெங் சேர்த்தால் ஐஸ் விழும். நான்கு அசையில் ஒருவரது சர்க்கரை நோய் வரலாறு முழுவதும் கடைக்காரருக்குப் போய்ச் சேருகிறது. அக்காவுக்கு மட்டும் சேராது. ஆர்டர் கொடுத்துவிட்டு அத்தான் விருந்தாளி பக்கம் திரும்பி, "உங்க அக்காகிட்ட சர்க்கரை போடாமதான் குடிச்சேன்னு சொல்லு" என்றபடி பக்கத்துக் கடையில் இருந்த ஐஸ் கச்சாங் என்னும் இனிப்பைக் கைகாட்டினார்.

அடுத்து காசு கொடுக்கும் சடங்கு. விருந்தாளி 50 வெள்ளி நோட்டைக் கையில் பிடித்து, "நான் குடுக்குறேன் அத்தான், நீங்க விடுங்க" என்று கையை நீட்டினார். ஊராக இருந்தால் இங்கே கைகலப்பு நிகழும். சட்டைப் பையைப் பிடித்து இழுப்பதும், "அவர்ட்ட வாங்காதீங்க" என்று கடைக்காரரை மிரட்டுவதும் நடக்கும். அத்தான் பேசாமல் கைப்பேசியைக் க்யூஆர் அட்டையின் மேல் காட்டினார். முடிந்தது. தமிழர் பண்பாட்டின் தொன்மையான தற்காப்புக் கலை ஒன்றை இந்தச் சதுரக் கட்டம் அழித்துக்கொண்டிருப்பதை மானிடவியலாளர்கள் கவனிக்க வேண்டும். நோட்டு மடிக்கப்பட்டுப் பைக்குள் போயிற்று. மொய்யில் விருந்தாளி பெயருக்கு இன்னொரு பற்று.

என்ன தின்றோம் என்பதிலும் உறவுமுறை உண்டு. பரோட்டா அங்கே பிராட்டா. மெல்லிசாக, மொறுமொறுவென்று, உள்ளே முட்டையும் வெங்காயமும், பிள்ளைகள் கேட்டால் சீஸும் வைத்து வரும். சீன நூடுல்ஸை எடுத்து, தமிழ் முஸ்லிம் கை வதக்கி, மலாய்ப் பெயர் சூட்டியதே மீ கோரெங். மீன் தலைக் கறியை 1949இல் கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் சீன வாடிக்கையாளர்களுக்காக முழுத் தலையோடு குழம்பிலிட்டுப் பரிமாறத் தொடங்கினார். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் முர்த்தபா என்னும் கறி அடைத்த பரோட்டா போடும் கடை இருக்கிறது. கடல் கடந்துபோன நம் கைகள் செய்தவை இவை. ஊரில் இப்படிக் கிடையாது. பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்ந்து வேறு மாதிரிப் பேசுவதற்கு முன்பே நம் உணவு அதைச் செய்துவிட்டது. விருந்தாளி இவற்றையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, "இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வராது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா கவலைப்படுவாள். சொன்னால், இங்கே வந்ததால் எதை இழந்தோம் என்பதற்கு ஊரே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். இதுவும் ஒரு மொய், செலவில்லாதது.

4. களம் இரண்டு: பட்டியல்

கடைத்தெருவில் விருந்தாளி எதையும் தேடுவதில்லை. பட்டியல் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. பட்டியல்காரர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் புறப்படும் முன் எழுதிக் கொடுப்பவர்கள். இவர்கள் நேர்மையானவர்கள். இரண்டாம் வகையினர் போய்ச் சேர்ந்தபின் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புபவர்கள். படத்தில் ஒரு சென்ட் பாட்டில் இருக்கும். பெயர் விரலால் மறைந்திருக்கும். மூன்றாம் வகையினர், "ஒண்ணும் வேணாம்ப்பா, நீ நல்லபடியா போயிட்டு வந்தா போதும்" என்பவர்கள். இவர்களே மிக ஆபத்தானவர்கள். இவர்களுக்கு வாங்கிவர வேண்டியதன் மதிப்பு முதலிரு வகையினருக்கு வாங்கியதன் கூட்டுத்தொகைக்குக் குறையக் கூடாது.

பட்டியல்கள் யாவும் கடைசியில் முஸ்தபா சென்டரில் போய்ச் சேரும். 1971இல் கேம்பல் லேனில் சிறிய துணிக்கடையாகத் தொடங்கி, 1985இல் சிராங்கூன் பிளாசாவுக்கு மாறி, 1995இல் சையது ஆல்வி சாலையில் இன்றைய கட்டடமாக எழுந்த கடை அது. 2003இலிருந்து பெருந்தொற்று வரும்வரை 24 மணி நேரமும் திறந்திருந்தது. இப்போதும் நள்ளிரவு தாண்டித்தான் மூடுகிறது. தங்கச் சங்கிலி, பிரஷர் குக்கர், பாதாம் பருப்பு, பல்வலி மாத்திரை, கைக்கடிகாரம், பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, பூட்டைத் தொலைத்தால் இன்னொரு பெட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ். வாசலில் நம் பையை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதில்தான் பட்டியலும் மூக்குக்கண்ணாடியும் இருக்கும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் விருந்தாளி நினைவிலிருந்து வாங்குகிறார். மறந்தவற்றுக்குப் பதிலாகக் கண்ணில் பட்டவற்றை.

எல்லாப் பட்டியலிலும் தவறாமல் வருவது கோடாலித் தைலம். சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, மேலே கோடாலிப் படம், உள்ளே மெந்தாலும் யூகலிப்டஸும். 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகிறது. தலைவலி, மூக்கடைப்பு, பேருந்து வாந்தி, மாமியார் வருகை அனைத்துக்கும் தமிழ்நாட்டில் இதுவே மருந்து. இங்கேதான் ஆய்வின் மையப் புதிர் முளைக்கிறது. கோடாலித் தைலம் நம் ஊரிலும் கிடைக்கும். பிறகு ஏன் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும்?

விடை காண எதிர்த் திசையில் போன சரக்கைப் பார்க்க வேண்டும். விருந்தாளி ஊரிலிருந்து கொண்டுபோனவை: வெங்காய வடகம், அப்பளம், முறுக்கு, அதிரசம், மாவடு, வீட்டில் அரைத்த குழம்புத் தூள். இவை அனைத்தும் தேக்காவில் கிடைக்கும். பஃபலோ சாலையில் வாழை இலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் காலையிலேயே வந்து இறங்கிவிடுகின்றன. அக்காவுக்கு இது தெரியும். விருந்தாளிக்கும் தெரியும். ஆனாலும் வடகத்தை எடுத்து முகர்ந்து, "அம்மா போட்டதா?" என்று கேட்டாளே தவிர, "இதெல்லாம் இங்கயே இருக்கே" என்று சொல்லவில்லை.

ஆகவே, அங்கே கிடைப்பதை இங்கிருந்தும் இங்கே கிடைப்பதை அங்கிருந்தும் சுமக்கிறோம். பொருளியல் பார்வையில் இது பைத்தியக்காரத்தனம். மொய்யியல் பார்வையில் மிகச் சரி. கல்யாண வீட்டில் 501 ரூபாய் எழுதுபவரிடம், "அந்த வீட்டில் பணம் இல்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. தைலம் குப்பிக்குள் இருக்கும் வரைதான் மருந்து. பெட்டிக்குள் வந்ததும் அது மொய். நம் கருதுகோளுக்கு இதுவே முதற்சான்று.

வரி பற்றிச் சிறு குறிப்பு. 2024 முதல் அங்கே பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுலாப் பயணி 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் விமான நிலையத்தில் அதைத் திரும்பப் பெறலாம். சேவைக் கட்டணம் கழித்துத் தருவார்கள். பில் 86 வெள்ளியில் நின்றால் விருந்தாளி 100ஐ எட்டுவதற்காக 14 வெள்ளிக்கு டார்ச் லைட் ஒன்றை எடுப்பார். ஏழெட்டு வெள்ளி மிச்சம் பிடிக்க 14 வெள்ளி செலவிடும் இம்முறைக்குச் சிக்கனம் என்று பெயர். டார்ச் லைட் மூன்றாம் வகையினருக்குப் போகும்.

கடைசி இரவில் எடை பார்ப்பது தனி ஆய்வுக்குரியது. பெட்டியைத் தனியாக எடை மேடையில் வைத்தால் எண் பெட்டிக்கடியில் மறைந்துவிடும். எனவே விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறி நிற்பார்; மருமகன் தரையில் படுத்து எண்ணைப் படிப்பான்; வந்த கூட்டுத்தொகையிலிருந்து விருந்தாளியின் எடையைக் கழிக்க வேண்டும். அக்காவின் சமையலால் அந்த எடை வேளைக்கு வேளை மாறிக்கொண்டிருப்பதால் முடிவில் நம்பகத்தன்மை குறைவு. "மாமா, நீங்களா பொட்டியா?" என்று மருமகன் கேட்டது தரவாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கிலோ சாக்லேட்டை எடுத்து வெளியே வைத்தோம். அக்கா அதைக் கைப்பையில் வைத்துவிட்டாள்.

5. களம் மூன்று: இரவு வாழ்க்கை

மேலைநாட்டு அறிஞர்கள் இரவு வாழ்க்கை என்பதை மதுவும் இசையும் என்று கொள்கின்றனர். நம் ஆய்வுக்கு அது பொருந்தாது. மறுநாள் தேர்வுள்ள மருமகன், கைப்பையில் தண்ணீர்ப் பாட்டிலுடன் அக்கா ஆகியோர் உடன்வர, கடைசி ரயிலைப் பிடிப்பதற்குள் நிகழும் யாவும் இரவு வாழ்க்கை என இங்கே வரையறுக்கப்படுகிறது.

இதில் முதலிடம் மரினா பேக்கு. கரையோரப் பூந்தோட்டத்தில் 25 முதல் 50 மீட்டர் உயரம் வரை இரும்பாலும் செடிகளாலும் மரங்கள் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். இரவு 7.45க்கும் 8.45க்கும் அம்மரங்கள் பாட்டுக்கேற்ப ஒளிரும். பக்கத்தில் மரினா பே சாண்ட்ஸ் விடுதி முன் 8 மணிக்கும் 9 மணிக்கும் நீரிலும் ஒளியிலும் இன்னொரு காட்சி. இரண்டும் இலவசம். முதற்காட்சியில் அண்ணாந்து படுத்துவிட்டு, எழுந்து, பாலம் ஏறி இறங்கி, 9 மணிக்குள் இரண்டாவதற்குப் போய்விடலாம். பெருக்கல் விதியின் அழகு இங்கேதான் புலப்படுகிறது: சுழியத்தை 70ஆல் பெருக்கினாலும் சுழியம். விருந்தாளி மனம்விட்டு ரசித்த ஒரே நிகழ்ச்சி இது.

குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு ஒன்று இங்கே கிட்டியது. மரங்கள் ஒளிரத் தொடங்கியதும் அத்தான், "நல்லாத்தான் இருக்கு" என்றார். பூந்தோட்டம் 2012இல் திறந்தது. அத்தான் அதற்கு முன்பே அங்கே குடியேறியவர். "நீங்க பார்த்ததில்லையா அத்தான்?" "எங்க நேரம்? ஊர்லேர்ந்து ஆள் வந்தாத்தானே வர முடியும்?" அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க அங்கே வாழ்பவருக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு விருந்தாளிதான். வேலை, ரயில், வீடு, பிள்ளையின் டியூஷன் என்று ஓடுபவருக்கு, விளக்கைப் பார்த்துக்கொண்டு தரையில் படுக்க யாரும் விடுப்புத் தருவதில்லை. மச்சினன் வந்தால் தருவார்கள். மொய் நோட்டில் விருந்தாளி பெயருக்கு இது வரவு. ஆய்வு தொடங்கியதிலிருந்து கிடைத்த பெரிய வரவு.

கட்டணமுள்ள இரவு வாழ்க்கையும் ஆராயப்பட்டது. மண்டாயில் 1994இல் திறந்த நைட் சஃபாரி உலகின் முதல் இரவு விலங்குக்காட்சிச் சாலை. நள்ளிரவு வரை வெளியே சுற்றுவதை அக்கா ஒப்புக்கொண்ட ஒரே இடம் இது. அங்கே திரிபவை விலங்குகள் என்பதால். ஆற்றங்கரையில் பழைய கிடங்குகள் மதுக்கூடங்களாக மாறிய கிளார்க் கீயில் குடும்பம் முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தது. மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள்: 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் வரி. பெருக்குவதற்கு முன் கூட்டவும் வேண்டும் என்றறிந்த விருந்தாளி கணக்கைப் பாதியில் கைவிட்டார். கடையில் வாங்கி ஆற்றோரம் உட்காரலாம் என்றாலும் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. அக்கா இந்தச் சட்டத்தை வரி பிசகாமல் அறிந்து வைத்திருந்தாள்.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை மாலை தனிக் குறிப்புக்குரியது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைக்கும் தமிழக, வங்கதேசத் தொழிலாளர்கள் அன்று அங்கே கூடுகிறார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கிறது. புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து பிரியாணி தின்கிறார்கள். ஒருவர் கைப்பேசித் திரையில் குழந்தைக்கு முகம் காட்ட, குழந்தை அந்தப் பக்கம் தாத்தாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம் இரு விதிகளுக்கும் இவர்களில் நம்மவர் அடங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தும் இவர்கள் வகுக்கத் தொடங்கவில்லை. கையில் எடுக்கும் வெள்ளி ஒவ்வொன்றும் அந்தக் கணமே 70 ரூபாயாகி ஊருக்குப் போய்விடுகிறது. விடுதியில் தங்குவதால் இவர்களைத் தேடி விருந்தாளி வருவதில்லை. எனவே மரினா பே விளக்கைப் பார்க்க இவர்களுக்கு அனுமதிச் சீட்டும் இல்லை. ஊரில் யார் வீட்டுக் கல்யாண நோட்டைப் புரட்டினாலும் இவர்கள் பெயர் இருக்கும். ஆளில்லாமல் மொய் மட்டும் வந்துசேர்ந்த வரிகள் அவை.

6. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு: "நான் ஓட்டலில் தங்கி, தனியாகச் சுற்றி, வேண்டியதைத் தின்று, வேண்டியதை வாங்கி வந்தேன். எனக்கு உங்கள் விதி பொருந்தவில்லை." விடை: நீர் சுற்றுலாப் பயணி, விருந்தாளி அல்லர். உம்மைப் பற்றி ஆராய வேறு துறை இருக்கிறது. உமக்கு எடை பார்க்க மருமகனும் இல்லை.

மறுப்பு: "மொய் என்றால் திரும்ப வர வேண்டும். இதில் எங்கே திரும்பிற்று?" விடை: நவம்பர் பிற்பாதியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டு விடுமுறை தொடங்கும். டிசம்பரில் அக்கா குடும்பம் மன்னார்குடியில் இறங்கும். இப்போது மருமகன் கேட்பான்: "மாமா, ரோட்டுக் கடையில சாப்பிடணும்." நம் ஊரில் தெருவும் இருக்கிறது, கடையும் இருக்கிறது. ஆனால் அம்மா முதலில் பன்னிரண்டு இட்லி போட்டுவிடுவாள், "கடையில என்ன எண்ணெயோ" என்று. அத்தான் பர்ஸைத் திறந்தால் விருந்தாளியாக இருந்தவர் அவர் கையைப் பிடித்து முறுக்கி, "எங்க ஊர்ல உங்க காசு செல்லாது அத்தான்" என்பார். க்யூஆர் அட்டை நம் டீக்கடையிலும் வந்துவிட்டதால் இந்த முறுக்கலுக்குக் கொஞ்சம் வேகம் தேவைப்படும்.

7. முடிவும் பரிந்துரைகளும்

மூன்று களங்களிலும் கருதுகோள் நிலைநின்றது. விருந்தாளி தின்றது அக்காவின் பெருமையை. வாங்கியது ஊரின் எதிர்பார்ப்பை. இரவில் பார்த்தது அத்தானுக்குக் கிடைத்த விடுமுறையை. நகரம் இவற்றுக்கு மேசை போட்டு, நோட்டு கொடுத்து, பேனா நீட்டியது.

கொள்கை வகுப்போருக்குச் சில பரிந்துரைகள். ஒன்று, உணவங்காடி நிலையம் போகும் நாளில் வீட்டில் இட்லி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும். இரண்டு, பட்டியலைப் பைக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைக்க வேண்டும். மூன்று, "ஒண்ணும் வேணாம்" என்றவர்களின் பெயர்களைப் பட்டியலின் தலைப்பில் எழுத வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. மொய் வாங்கிய அளவுக்கே திருப்பி எழுதினால் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். கணக்குத் தீர்ந்தால் போக்குவரத்தும் தீர்ந்தது. அதனால்தான் நம்மவர்கள் 500 எழுதியவருக்கு 500 எழுதுவதில்லை. மேலே கொஞ்சம் போட்டுப் பாக்கியை எதிர்த்தரப்பின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். எனவே சிங்கப்பூரிலிருந்து திரும்பும் எவரும் கோடாலித் தைலத்தைப் பட்டியலில் உள்ளதைவிட ஒரு குப்பி கூடுதலாக வாங்க வேண்டும். அது யாருக்கு என்று அக்கா கேட்டால், "ஊர்ல யாராவது கேப்பாங்க" என்க. எடை கூடிவிட்டதென்றால் சாக்லேட்டை எடுக்கவும்.